மேலே ஒன்று, கீழே ஒன்று

கையுறை ஆலைக்கு ஆள் ஏற்றிய வேன்.
ஆலையின் பெயர்
புதுச் சாயத்துக்கடியில் இன்னும் புடைத்திருக்கிறது.
பதினாறு வருசம் இரவு ஷிப்டுக்கு
மூன்றாம் வரிசை சன்னலோரம் உட்கார்ந்து போன கனகேஸ்வரி
அதை ஏலத்தில் எடுத்து
அதே இடத்தில் பலகை அடித்து மெத்தை போட்டிருக்கிறாள்.
"இனிமே ராத்திரிய தூங்கித்தான்க்கா தீர்க்கணும்."

பகாவில் என் பட்டறைக்கு அவள் கொண்டுவந்த குறை வேறு:
விளக்கு மங்குதாம்.

மெத்தையைத் தூக்கினேன்.
கீழே பெட்டி, பெட்டிக்குள் இரண்டு பேட்டரி,
தண்ணி ஊத்துற ரகம்.
பிளைவுட்டின் மூட்டு மூட்டாய் சிலிக்கோன்,
கல்யாண கேக்குக்குப் பூசியது போல.
எறும்பு வரக் கூடாது, மழை வரக் கூடாது என்று
ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அடைத்தாளாம்.
இன்வெர்ட்டரும் உள்ளேயே.
அதன் சுவிட்சும்.

"எதையும் தொடாதே" என்றேன்.
கதவுகளை எல்லாம் திறந்து போட்டு
மூடியை மெல்ல எடுத்து வைத்துவிட்டு
தே குடிக்கக் கூப்பிட்டேன்.
"வேலை?"
"இதான் முதல் வேலை."

இந்த ஊரில் மூக்கை நம்ப முடியாது.
காற்று திரும்பினால் செம்பனை ஆலை,
திரும்பாவிட்டால் கித்தாக் கட்டி.
பேட்டரி அளவு மீறிக் கொதித்தால்
அழுகின முட்டை வாடை வரும்;
இங்கே அதை யார் தனியாகப் பிரிப்பது?
வாடையாவது பரவாயில்லை.
ஹைட்ரஜனுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது.
சார்ஜ் ஏற ஏறக் கிளம்பும், மேலே போகும்,
மூடி தடுத்தால் மூடிக்கடியில் சேரும்.
ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன்,
அது எதற்கும் காத்திருப்பதில்லை.
பொறிதான் வரும்.

என் இடது புருவம் பாதிதான்.
கேட்பவர்களிடம் பூனை என்பேன்.
அவளிடம் உள்ளதைச் சொன்னேன்:
டிராக்டர் பேட்டரி, மழைக்காலக் காலை,
சார்ஜரை நிறுத்தாமல் கிளிப்பைக் கழற்றிய கை,
என்னுடையது.
தொட்டித் தண்ணீருக்குள் முகத்தை வைத்து வைத்து எடுத்து
நூறு வரை எண்ணப் பார்த்தேன்;
எழுபதில் குழம்பி
திரும்ப ஒன்றிலிருந்து.
சட்டை துவைத்ததும் சல்லடையாய் வந்தது.

தே ஆறியது. எழுந்தோம்.

இன்வெர்ட்டரைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினேன்.
பெட்டியின் அடியில் ஒரு துளை,
வேன் தரை வழியாக வெளிக்காற்று நுழைய.
எதிர்ப்பக்கம், மூடிக்கு ஒட்டி, இன்னொன்று.
அங்கிருந்து குழாய்.
ஏறியே போக வேண்டும், நடுவில் தொய்யக் கூடாது,
வெளியே வந்ததும் வாய் மட்டும் குனியலாம்,
மழைக்காக.
வாயில் கம்பி வலை, குளவிக்காக;
என் பட்டறையில் குளவி மண் வைக்காத ஓட்டை இல்லை.
மெத்தைப் பக்கத்துச் சிலிக்கோனை
அப்படியே விட்டேன்.
அங்கே அவள் அடைத்தது சரி.

டயர்க்கடை அர்ச்சுனன் எட்டிப் பார்த்து
"மனுசனுக்கும் இப்படி ஒரு ஓட்டை வேணும்லா" என்றார்.
இரண்டங்குல டிரில் பிட்டைக் காட்டினேன்.
போய்விட்டார்.

பதினொரு நாள் கழித்து
நள்ளிரவில் போன்.
எண்டாவ் பக்கம், கடலோரம்.
"காத்து அடிக்குதுக்கா. குழாய் ஊங்குது. தூக்கமே வரல.
துணிய வச்சு அடைச்சிடட்டுமா?"
"அடைக்கப் போறியா, அடைச்சிட்டியா?"
பேச்சில்லை.
"எடு."

பலகை முனகியது. கதவு உருண்டது.
மணலில் செருப்பு.
பிறகு தூரத்தில்,
காலி பாட்டிலின் வாயில் யாரோ ஊதுவதுபோல்
அது தொடங்கியது.

"கேக்குதா?"
"கேக்குது. படு."

அவள் போனை வைக்க மறந்துவிட்டாள்.
நானும் வைக்கவில்லை,
கொஞ்ச நேரம்.